மூணாம் நம்பர் ஷட்டருக்குப் பச்சை

சன்னலோரம் நீங்களே உக்காருங்க சார், எனக்கு எதிர்க்காத்து ஆகாது. அந்தப் பையை மட்டும் கீழ தள்ளிடாதீங்க, முறுக்கு இருக்கு. மகளுக்குக் கொண்டு போறேன். தீபாவளிக்கு மகதானே அப்பா வீட்டுக்கு வரணும், இந்த ஆளு ஏன் பையைத் தூக்கிட்டு மக வீட்டுக்குப் போறாருன்னு நினைப்பீங்க. கேக்க வேண்டாம், நானே சொல்றேன். எல்லாத்துக்கும் காரணம் ஒரு பொண்ணு. என் பொண்ணு இல்ல. ஆபீஸ்ல இன்ஜினியரா இருந்த பொண்ணு, பிரிஸ்கில்லான்னு பேரு. அவ மேல எனக்குக் கோபமெல்லாம் இல்ல. ஆனா அவ பண்ணினது சரியான்னு நீங்களே சொல்லுங்க.

என் பேரு கோமதிநாயகம். ரிட்டையர் ஆகிட்டேன். கடைசியா கருங்கால் அணைத் திட்டத்துல இருந்தேன். பழைய அணை. அதைப் பலப்படுத்தி, ஷட்டர் எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசா மாட்டுற பெரிய திட்டம். அணைன்னதும் நான் ஏதோ வெயில்ல நின்னு கல்லு, மண்ணுன்னு கிடந்தேன்னு நினைச்சுடாதீங்க. என் வேலை வண்ணம். ஆமா சார், வண்ணம். எந்த வேலை எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு ஒரு பெரிய அட்டவணை இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வண்ணம் பூசணும். ஒழுங்கா நடக்குதுன்னா பச்சை, கொஞ்சம் இழுக்குதுன்னா மஞ்சள், ஆபத்துன்னா சிவப்பு. வியாழக்கிழமை சீஃப் இன்ஜினியர் வந்து அதைத் திரையில பாப்பார். அதுக்குப் பேரு ரிவ்யூ.

வியாழக்கிழமை ரிவ்யூன்னா புதன்கிழமை அதுக்கு ஒத்திகை. ஒத்திகையில சொதப்பிடக் கூடாதுல்ல, அதனால செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு ஒரு ஒத்திகை. திங்கக்கிழமை எல்லார்கிட்டயும் விவரம் கேட்டு வாங்கணும். அப்ப வேலை எப்ப சார் நடக்கும்னு பிரிஸ்கில்லா வந்த புதுசுல கேட்டா. வெள்ளிக்கிழமை இருக்குல்லம்மான்னேன். சின்னப் பொண்ணு, பெரிய திட்டம் எப்படி ஓடும்னு அதுக்குத் தெரியல.

எங்க சீஃப் தங்கமான மனுஷன். சிவப்பை மட்டும் பாக்கக் கூடாது. ஒருதடவை ஒரு பாவப்பட்ட உதவி இன்ஜினியர் சிவப்பைக் காட்டிட்டான். "ஏன் சிவப்பு?"ன்னார். சொன்னான். "எப்பப் பச்சையாகும்?"னார். சொன்னான். "யாரு பொறுப்பு?"ன்னார். அங்க மாட்டினான். அன்னையிலேருந்து அவனுக்குத் தினம் ஒரு போன், வாரம் ஒரு விளக்க அறிக்கை. அந்த அறிக்கையை எழுதவே அவனுக்குப் பொழுது சரியாப் போச்சு, வேலை கிடந்த இடத்துலயே கிடந்துச்சு. அதைப் பாத்த பிறகு எங்க டிவிஷன்ல ஒருத்தனும் சிவப்பைத் தொடல. மஞ்சளையும்தான். மஞ்சள்னா சீஃப் கண்ணாடியைக் கழட்டிடுவார்.

அங்கதான் என் மூளை வேலை செஞ்சுது. இளம்பச்சைன்னு ஒண்ணைக் கொண்டு வந்தேன். இன்னும் முடியல, ஆனா முடிஞ்ச மாதிரிதான்னு அர்த்தம். சீஃபுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "நாயகம், கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குவே"ன்னார். வேற அணைக்காரங்க எல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. பெருமைக்குச் சொல்லல, நடந்ததைச் சொல்றேன்.

சரி, மூணாம் நம்பர் ஷட்டருக்கு வாறேன். புது ஷட்டர், மாட்டியாச்சு. ரெண்டு பக்கமும் இரும்பு வடம், மேல மோட்டார். மோட்டார் இழுத்தா ரெண்டு பக்கமும் சமமா ஏறணும். இது என்ன பண்ணுதுன்னா ஒரு பக்கம் முன்னால ஏறுது, ஒரு பக்கம் பின்னால வருது. ஏறும்போதே கோணிக்கிட்டு, பாதியில சுவத்துக் காடியில கடிச்சுக்கிட்டு நின்னுடுச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. நாள் பூரா ஆட்கள் சம்மட்டியால அடிச்சு ஒருவழியா இறக்கி மூடினாங்க. பல்சக்கரத்தைக் கழட்டி ஃபேக்டரிக்கு அனுப்பணும், திரும்பி வரத் தை மாசம் ஆகும்னு காண்டிராக்டர் சொல்லிட்டார். அப்ப புரட்டாசி. ஐப்பசியில மழை.

பிரிஸ்கில்லா என்கிட்ட வந்து, "சார், மூணாம் நம்பருக்கு என்ன வண்ணம் போட்டிருக்கீங்க?"ன்னா.

"இளம்பச்சை."

"திறக்கவே இல்லையே சார்?"

"கட்டத்துல என்னம்மா போட்டிருக்கு? வாசி."

வாசிச்சா. 'சோதனை ஓட்டம் நடத்தப்பட்டதா?'

"நடந்துச்சா இல்லையா?"

"நடந்துச்சு சார்."

"அவ்வளவுதான். நடந்துச்சான்னுதான் கேட்டிருக்கு. நல்லா நடந்துச்சான்னு கேக்கலையே."

அவ விடல. அப்புறம், "பச்சைன்னா என்ன சார் அர்த்தம்?"னு கேட்டா. பச்சைன்னா சீஃப் அடுத்த பக்கத்துக்குப் போயிடுவார்னு அர்த்தம்மான்னேன். சிரிச்சா. நானும் சிரிச்சேன். நல்ல பொண்ணுதான், அப்ப வரைக்கும்.

இனிமேச் சொல்லப் போறது வேற விஷயம். முழுக்க முழுக்கக் குடும்ப விஷயம். ரெண்டையும் சேத்துக் குழப்பிக்காதீங்க, அவ குழப்பின மாதிரி.

என் மக வடிவை வெண்ணிக்குறிச்சியில கட்டிக் குடுத்திருக்கேன். அணைக்கு நேர் கீழ, ஆத்தோரம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். நல்ல இடம், நல்ல மனுஷங்க. முதப் பிரசவம் எங்க வீட்டுல பாத்து, பேத்தியையும் மகளையும் முறையா, சீரோட, சொந்தக்காரங்க புடைசூழக் கொண்டு போய் விட்டுட்டு வந்திருந்தோம். விட்டு ரெண்டு வாரம் கூட ஆகல. அந்தச் சமயத்துலதான் இந்த மூணாம் நம்பர் சம்மட்டி வேலை நடந்துச்சு. நான் மேல நின்னு பாத்துட்டு இருந்தேன். அங்கேயிருந்து பாத்தா வெண்ணிக்குறிச்சி தெரியும். கோயில் கோபுரம், பள்ளிக்கூடம், தெருவு எல்லாம் தெரியும். என்னமோ தெரியல சார், பேத்தி முகம் கண்ணு முன்னால வந்துச்சு. கையில எடுத்தா என் மூக்குக் கண்ணாடியைப் பிடிச்சு இழுக்கும் அது. மறுநாள் காலையில ஆபீஸ் ஜீப்பை எடுத்துட்டு நேரா மக வீட்டுக்குப் போயிட்டேன்.

சம்பந்தியம்மா வாசல்ல நின்னு, "வாங்க சம்பந்தி, என்ன திடீர்னு வாரிய?"ன்னாங்க.

பாப்பாவுக்கு எங்க ஊர் ஆஸ்பத்திரியில தடுப்பூசி போடணும், ரெண்டு நாளையில கொண்டாந்து விட்டுடுறேன்னு சொன்னேன்.

"இப்பத்தானே கொண்டாந்து விட்டிய? தடுப்பூசி இங்கனயும் போடுதாவளே?"

அங்க நல்ல டாக்டர்னேன். வடிவுக்கும் ஒண்ணும் புரியல. "எப்பா, நல்லநாள் பாத்துக் கொண்டு வந்து விட்டுட்டு இப்படித் திரும்பக் கூட்டிட்டுப் போனா ஊர்ல என்ன பேசுவாங்க?"ன்னா. பேசினாப் பேசிட்டுப் போறாங்கன்னு ஏத்திட்டேன். தொட்டிலையும் கழட்டி ஜீப்புல போட்டுக்கிட்டேன். அங்க ஒரு தப்பு பண்ணிட்டேன்னு இப்பத் தோணுது. தொட்டிலை எடுத்திருக்கக் கூடாது. ஏன்னா எதுத்த வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தது யாரு? பிரிஸ்கில்லா. பல் தேய்ச்சுக்கிட்டே எல்லாத்தையும் பாத்துட்டு நின்னிருக்கா. "குட் மார்னிங் சார்"னு மேலயிருந்து சொன்னா. நானும் குட் மார்னிங்னேன். ரெண்டு நாளைக்குன்னா தொட்டில் எதுக்குன்னு அவ அப்பவே யோசிச்சிருக்கா பாருங்க.

வியாழக்கிழமை வந்துச்சு. சீஃப் வந்தார். எப்பவும் அணைக்குக் கீழ ஆத்தோரத்துல இருக்கிற எங்க ஆபீஸ் பங்களாவுலதான் தங்குவார், அன்னைக்கு என்னமோ தென்காசியில லாட்ஜ் போட்டுட்டார். கொசு ஜாஸ்தியாம். ரிவ்யூ ஆரம்பமாச்சு. நான் திரையில ஒவ்வொண்ணாக் காட்டுறேன். பச்சை, பச்சை, பச்சை. சீஃப் தலையை ஆட்டுறார், பக்கம் புரளுது. மூணாம் நம்பர், இளம்பச்சை. சீஃப் "குட்"னார். நான் அடுத்த பக்கத்துக்குப் போகப் போறேன், பின்வரிசையிலேருந்து ஒரு குரல்.

"சார், ஒரு நிமிஷம்."

பிரிஸ்கில்லா எந்திரிச்சு நிக்கிறா. எனக்குப் புரிஞ்சு போச்சு, ஷட்டரைப் பத்திப் பேசப் போறா. அதுக்கு நான் பதில் தயாரா வச்சிருந்தேன். சோதனை நடந்ததா, நடந்தது. ஆனா அவ ஷட்டரைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே சார்!

"சார், கோமதிநாயகம் சார் அவர் மகளையும் கைக்குழந்தையையும் வெண்ணிக்குறிச்சியிலேருந்து மேல கூட்டிட்டு வந்துட்டார். தொட்டிலோட"ன்னா.

சீஃப் என்னைப் பாத்தார். "அதுக்கென்னம்மா இப்ப?"ன்னார்.

"ஸ்டோர் கீப்பர் அண்ணன் அவர் பசுமாட்டை மேட்டுத் தெருவுல கொண்டு கட்டியிருக்கார் சார். காண்டிராக்டர் ஆத்தோர ஷெட்டுல இருந்த சாமானையெல்லாம் லாரியில ஏத்திட்டார். நானும் நேத்து வீட்டைக் காலி பண்ணிட்டேன் சார். எனக்கே வெக்கமா இருக்கு. இந்த அறையில இருக்கிற யாரோட பிள்ளைகுட்டியும் இப்ப வெண்ணிக்குறிச்சியில இல்ல. ஊர்க்காரங்க மட்டும்தான் இருக்காங்க. அவங்களுக்கு நாம பச்சைன்னு சொல்லியிருக்கோம்."

சொல்லிட்டு அவ உக்காந்துட்டா.

நீங்களே சொல்லுங்க, வீட்டு விஷயத்தை ஆபீஸ்ல பேசலாமா? ஒரு அப்பன் மகளைக் கூட்டிட்டு வந்தா அதுல என்னங்க தப்பு? நான் எழுந்து, "சார், அது தடுப்பூசிக்காக"ன்னேன். ஸ்டோர் கீப்பர், "மாட்டுக்கு அங்க நல்ல புல்லு சார்"ன்னார். காண்டிராக்டர் தண்ணி குடிச்சார். சீஃப் ஒருத்தர் ஒருத்தரா எல்லார் மூஞ்சியையும் பாத்துட்டு வந்தார். ஒருத்தனும் நிமிரல. கடைசியா மேசையைப் பாத்துக்கிட்டே ரொம்ப மெதுவா, "பங்களாவுல கொசுவெல்லாம் ஒண்ணும் இல்லவே"ன்னார்.

எதுக்குச் சொன்னார்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. ஆனா உடனே கண்ணாடியைக் கழட்டிட்டார். "நாயகம், சிவப்பு போடும்"னார். என் சர்வீஸ்ல முதல் சிவப்பு சார். அந்தக் கம்ப்யூட்டர்ல சிவப்பு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல, பிரிஸ்கில்லாதான் வந்து அழுத்தினா.

அன்னையிலேருந்து எல்லாம் தலைகீழ். ஒத்திகையும் இல்ல, ஒத்திகைக்கு ஒத்திகையும் இல்ல. மழைக்கு முன்னாலயே அணையில இடம் காலி பண்ணணும்னு மத்த ஷட்டர்களைத் திறந்து தண்ணியை விட்டாங்க. விவசாயிங்க மண்வெட்டியோட வந்துட்டாங்க, நாத்துப் பாவப் போற நேரத்துல தண்ணியை வீணாக்குறீங்களேன்னு. அவங்ககிட்ட யாரு பேசினது? பிரிஸ்கில்லா. மூணாம் நம்பர் திறக்காது, திறக்காத ஷட்டரை வச்சுக்கிட்டு அணையை நிரப்ப முடியாதுன்னு அப்படியே போட்டு உடைச்சுட்டா. இப்படிக் கூடவா வெளிப்படையாப் பேசுறதுன்னு எனக்கு மனசு ஆறல. ஆனா அவங்க திட்டிக்கிட்டே போயிட்டாங்க, சண்டை பிடிக்கல. அதுவும் எனக்கு ஆச்சரியம்தான்.

அப்புறம் ஊரைக் காலி பண்ணி மேட்டுல இருக்கிற கல்யாண மண்டபத்துக்குக் கொண்டு வந்தாங்க. சேதி வீட்டுக்கும் வந்துடுச்சு. வடிவு அடுப்படியிலேருந்து வந்து என் முன்னால நின்னா.

"எப்பா, ஷட்டர் திறக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அது ஆபீஸ் விஷயம்மான்னேன்.

"தெரிஞ்சுதான் என்னைக் கூட்டிட்டு வந்தீங்களா? அவங்க எல்லாரையும் விட்டுட்டு?"

உனக்காகத்தானேம்மா பண்ணினேன்னேன். அவ பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு மண்டபத்துக்குக் கிளம்பிட்டா. "எங்க அத்தை அங்க பாய்ல படுத்திருக்கும்போது நான் இங்க மெத்தையில படுக்க மாட்டேன்"னு ஒரே பிடிவாதம். பின்னாலயே ஓடினேன். மண்டபத்துல ஊரே உக்காந்திருக்கு. சம்பந்தியம்மா எழுந்து வந்து பேத்தியை வாங்கிக்கிட்டு, ஊரு கேக்க, "என்ன சம்பந்தி, தடுப்பூசி போட்டாச்சா?"ன்னாங்க. நூறு பேர் சிரிக்கிறான். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கல. எனக்கு அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

மழை பெய்ஞ்சுது. அப்படி ஒரு மழையை நான் பாத்ததில்ல. மூணாம் நம்பரை அப்பவும் தூக்கிப் பாத்தாங்க, பிரிஸ்கில்லா சொன்ன மாதிரியே பாதியில கடிச்சுக்கிட்டு நின்னுடுச்சு. ஆனா அணையில இடம் இருந்துச்சுல்ல, வந்த தண்ணியெல்லாம் தங்கிக்கிச்சு, மீதி மத்த ஷட்டர் வழியாப் போயிடுச்சு. வெண்ணிக்குறிச்சியில முழங்கால் அளவுத் தண்ணி, அதுவும் ஒரு நாள்ல வடிஞ்சுடுச்சு. ஒரு கோழிக்குஞ்சு கூடச் சாகல. அணையும் நிரம்பினபடியா விவசாயிங்களுக்கும் நஷ்டம் இல்ல. அப்ப என்ன அர்த்தம்? யோசிச்சுப் பாருங்க சார். ஒண்ணுமே நடக்கல! அப்ப என் இளம்பச்சை சரிதானே? இதை நான் சீஃப்கிட்டயே கேட்டேன். அவர் "நாயகம், நீர் எப்ப ரிட்டையர் ஆகுதீரு?"ன்னார். பேச்சை மாத்திட்டார்.

ரிட்டையர் ஆனேன். மறு வருஷம் மூணாம் நம்பரைச் சரி பண்ணிட்டாங்க. இப்ப எல்லாம் பிரிஸ்கில்லா பொறுப்பு. ஷட்டர் வெண்ணெய் மாதிரி ஏறி இறங்குதுன்னு கேள்வி. வெண்ணிக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல பெரிய போர்டு வச்சிருக்கா, அணை எப்படி இருக்குன்னு வண்ணத்துல காட்டும். அவ வைக்கிற பச்சை நிஜப் பச்சைதான், அதை நான் ஒத்துக்கிடுறேன். ஆனா ஒருத்தனும் அந்தப் போர்டை நிமிந்து பாக்குறதில்ல. அதுதான் கொடுமை.

அந்த மறு வருஷத் தீபாவளிக்கு வடிவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டா. எல்லாப் பொண்ணுங்களும் அப்பா வீட்டுக்கு வருதே, உனக்கு மட்டும் என்ன, இன்னும் கோபமான்னு கேட்டேன். "கோபம் போயிடுச்சுப்பா. ஆனா நான் ஐப்பசியில உங்க வீட்டுக்குக் கிளம்பினேன்னா, எனக்குப் பின்னால ஊரே கிளம்பிடும்பா"ன்னா. நான் நம்பல, வம்புக்குச் சொல்றான்னு நினைச்சேன். மாப்பிள்ளைகிட்ட கேட்டேன். உண்மைதான் மாமா, ரெண்டு தெரு தள்ளிக் கல்யாணத்துக்குப் போக இவ பெட்டியை எடுத்தாக் கூட, பக்கத்து வீட்டுல பாத்திரத்தைக் கட்ட ஆரம்பிச்சுடுறாங்கன்னார்.

சரி, மக வரலன்னா நாம போவோம்னு நான் போனேன். ரெண்டு நாள் இருந்து பேத்தியோட பட்டாசு வெடிச்சுட்டு மூணாம் நாள் பையைத் தூக்கினேன். பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரர் ஓடி வந்துட்டார். "என்ன சார், போறிய? ஏதும் சேதி வந்துச்சா?" ஒண்ணும் இல்லவே, வீட்டுக்காரி தனியா இருக்கான்னேன். அவர் கடையை அடைக்க ஆரம்பிச்சுட்டார். நான் பஸ் ஏறி உக்காந்து திரும்பிப் பாக்குறேன், என் பின்னாலயே பத்துக் குடும்பம் மூட்டையோட ஏறுது. தலைக்கு மேல போர்டு பச்சையா எரியுது. வேற வழி? இறங்கினேன். அவங்களும் இறங்கினாங்க. டீக்கடையைத் திறந்துட்டார்.

அன்னையிலேருந்து வருஷா வருஷம் மழைக்காலம் முடியுற வரைக்கும் நான் அங்கதான். வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போயிடுவேன், இந்தத் தடவை அவ நேத்தே போயிட்டா. இந்த வருஷம் எனக்கு மூட்டு வலி, போக வேண்டாம்னுதான் இருந்தேன். பிரிஸ்கில்லாவே போன் பண்ணிட்டா. "சார், எப்ப வாறீங்க? ஊர்ல எல்லாரும் கேக்குறாங்க, நான் என்ன சொல்லியும் நம்ப மாட்டேங்குறாங்க"ன்னா. பாத்தீங்களா, கடைசியில என்னையத்தான் தேட வேண்டியிருக்கு.

போனதும் பெரிய மரியாதை சார், சும்மா சொல்லக் கூடாது. ஆத்தைப் பாத்த அறையில எனக்குக் கட்டில். மாப்பிள்ளையே போட்டு வச்சிருப்பார். அந்த மழை வருஷம் முகம் குடுத்துப் பேசாத மனுஷன். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தா சம்பந்தியம்மா வந்து எட்டிப் பாத்துட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேக்குற மாதிரி, "சம்பந்தி தூங்கிட்டாவ"ன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு வீடாக் கதவைச் சாத்துற சத்தம் கேக்கும். வடிவு விளக்கை அணைச்சுட்டுப் போவா.

எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கவே இல்ல சார். சர்வீஸ் பூரா பச்சை பச்சையாப் போட்டுக் காட்டினேன், ஒரு பய நம்பல. இப்ப அங்க போய்ச் சும்மா படுத்துத் தூங்குறேன், ஊரே நம்புது.